கியூசி மேசைக்கு வரும் கேமரா: எது குறை என்று யார் சொல்வது?

என் அம்மாவுக்கு 12 மணி நேர ஷிப்ட். ரவாங் பக்கத்தில் ஒரு சிறிய பிளாஸ்டிக் தொழிற்சாலையில் கியூசி வேலை. அவர் மேசைக்கு எதிரே நிற்கும் மோல்டிங் இயந்திரம் 35 வினாடிக்கு ஒரு முறை வாய் திறந்து இரண்டு பாகங்களைத் தள்ளுகிறது. காரின் உள்பக்கக் கதவில் பொருத்தும் பளபளப்பான கறுப்பு உறை அது. ஓய்வு நேரம், இயந்திரம் நிற்கும் நேரம் எல்லாம் கழித்தால், ஒரு ஷிப்டில் 2,000 பாகங்களுக்கு மேல் அவர் கையைத் தாண்டிப் போகின்றன. ஒவ்வொன்றிலும் வால் வெட்ட வேண்டும், பார்க்க வேண்டும், பையில் போட்டுப் பெட்டியில் அடுக்க வேண்டும். பார்ப்பதற்கென்று மிஞ்சுவது நான்கைந்து வினாடிதான்.

அந்த நான்கைந்து வினாடியில் அவர் தேடுவது: முழுதாக நிரம்பாத ஓரம் (ஷார்ட் ஷாட்), ஓரத்தில் பிதுங்கிய மெல்லிய தகடு (ஃபிளாஷ்), மேற்பரப்பில் லேசான பள்ளம் (சிங்க் மார்க்), வெள்ளிக் கோடு, கீறல், கரும்புள்ளி. இருந்தால் சிவப்புப் பெட்டி. அதை யாரும் ‘குறையுள்ளவை’ என்று சொல்வதில்லை. ‘என்.ஜி.’ என்றுதான் சொல்வார்கள்.

செரண்டாவில் வளர்ந்த நம்மில் பலருக்கு இந்த வேலை புதிதல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் ரவாங், பத்தாங் காலி, உலு யாம் பக்கம் வீடு தேடி வந்தபோது, எஸ்.பி.எம். முடித்த அக்காமார்களுக்கு முதலில் கிடைத்த வேலை பெரும்பாலும் இதுதான். கண்ணும் பொறுமையும் இருந்தால் போதும் என்று எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கண்ணின் வேலையைத்தான் இப்போது கேமராவிடம் கொடுக்கப் பார்க்கிறார்கள். பெரிய ஆலைகளில் இது பழைய கதை. சிறிய ஆலைகளுக்கு இப்போதுதான் விலை எட்டும் தூரத்துக்கு வந்திருக்கிறது.

ஏன் இப்போது? முதல் காரணம் சம்பளக் கணக்கு. மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட். 2022இல் 1,500. கடந்த 2025 பிப்ரவரி முதல் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளுக்கு 1,700, ஆகஸ்டு முதல் எல்லாருக்கும். உயர்வு தேவையானது, என் வீட்டு அரிசியே அதில்தான் வருகிறது. ஆனால் முதலாளியின் பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். 1,700 ரிங்கிட்டோடு 13 விழுக்காடு ஈ.பி.எஃப். சேர்த்தால் ஒரு கியூசி ஊழியருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 23,000 ரிங்கிட். இரண்டு ஷிப்ட் என்றால் 46,000. மிகைநேரச் சம்பளம் தனி. அந்தத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேமரா விற்பவரிடம் விலை கேட்கிறார்கள்.

அம்மாவின் முதலாளியும் கேட்டார். ஒரு நிலையத்துக்கு எண்பதாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் என்று பதில் வந்தது. அதோடு, அச்சு மாறினால் புதிய பாகத்துக்கு மென்பொருளைச் சரிசெய்யத் தனிக் கட்டணம். அவர் கடிதத்தை மடித்து மேசைக்குள் வைத்துவிட்டார். அங்கே ஒரே இயந்திரத்தில் வாரத்துக்கு நான்கைந்து முறை அச்சு மாறும். இன்று கதவு உறை, நாளை விளக்குக் கூடு, மறுநாள் வேறு யாருக்கோ வாளிப் பிடி.

சிறிய தொழிற்சாலையின் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. இயந்திரக் கண் என்பது நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கும் தொழில்நுட்பம். அமெரிக்காவின் காக்னெக்ஸ் நிறுவனம் 1981இல் தொடங்கப்பட்டது. அந்தத் தலைமுறைக் கருவிகள் ஒரே பொருளை இலட்சக்கணக்கில் செய்யும் இடத்துக்குப் பொருத்தமானவை. ஒரு முறை கேமராவை நிறுத்தி, விளக்கைப் பொருத்தி, விதிகளை எழுதிவிட்டால், செலவு இலட்சம் துண்டுகளில் கரைந்துவிடும். நம் வட்டாரத்திலேயே அப்படிப்பட்ட பெரிய ஆலைகள் உண்டு. சுங்கை சோவில் பெரோடுவா. செரண்டாவில் யு.எம்.டபிள்யூ. ஏரோஸ்பேஸ், ரோல்ஸ் ராய்ஸ் விமான எஞ்சின்களுக்கான விசிறிக் கூடுகளைச் செய்கிறது. 2015இல் ஒப்பந்தம், 2017இல் உற்பத்தி. நம் கம்போங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் போகும் தூரத்தில் விமான எஞ்சினின் பாகம் அளந்து பார்க்கப்படுகிறது. அதே தூரத்தில் இன்னொரு பக்கம் அம்மா டியூப் லைட்டுக்குக் கீழே கறுப்பு உறையைச் சாய்த்துப் பார்க்கிறார். இரண்டுக்கும் இடையில் இருப்பது வெறும் பண வித்தியாசம் மட்டுமல்ல. அங்கே பொருள் மாறுவதில்லை, இங்கே மாறிக்கொண்டே இருக்கிறது.

மலேசியாவின் தொழில் நிறுவனங்களில் ஏறக்குறைய 97 விழுக்காடு சிறு, நடுத்தர நிறுவனங்கள். 2023 செப்டம்பரில் அரசு வெளியிட்ட ‘புதிய தொழில்துறைப் பெருந்திட்டம் 2030’ 3,000 திறன்மிகு தொழிற்சாலைகளை உருவாக்குவதை ஓர் இலக்காக வைத்தது. அந்த 3,000இல் அம்மாவின் தொழிற்சாலை மாதிரி இடங்கள் சேர வேண்டுமானால், எண்பதாயிரம் ரிங்கிட் விடை உதவாது. மலிவாகவும் வேண்டும், அச்சு மாறும்போது உடனே மாறவும் வேண்டும்.

அதற்கான துண்டுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்திருக்கின்றன. இன்டெல் தொடங்கி 2000இல் வெளியிட்ட ‘ஓப்பன்சிவி’ என்ற படம் பார்க்கும் மென்பொருள் இலவசம். 2012இல் வந்த ராஸ்பெர்ரி பை, உள்ளங்கை அளவுக் கணினியை 35 டாலருக்குக் கொடுத்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் உற்பத்திக் கல்விக்கழகம் 2018இல் ‘ஷூஸ்டிரிங்’ என்றொரு திட்டம் தொடங்கியது. கடையில் கிடைக்கும் சாதாரணக் கேமரா, சாதாரணக் கணினி, இலவச மென்பொருள் ஆகியவற்றை வைத்தே சிறு தொழிற்சாலைகளின் சிக்கலைத் தீர்க்க முடியுமா என்று பார்ப்பதுதான் அதன் நோக்கம். முதலில் ஆலைக்காரரிடம் போய் ‘உங்களுக்கு எது தலைவலி’ என்று கேட்டுவிட்டுத்தான் கருவியைப் பற்றிப் பேசுவார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

ஆனால் பெரிய மாற்றம் வேறொன்று. முன்பெல்லாம் கணினிக்குக் குறையைக் கற்றுக்கொடுக்க, குறையுள்ள பாகங்களின் படங்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும். நல்ல தொழிற்சாலையில் அவ்வளவு குறை எங்கே கிடைக்கும்? புதிய அச்சு வந்த முதல் நாளில் ஒன்றுகூட இருக்காது. 2019இல் ஜெர்மனியின் மியூனிக் நகரத்து எம்.வி.டெக் நிறுவனம் 15 வகைப் பொருள்களின் 5,000க்கும் மேற்பட்ட படங்களை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. புட்டி, மாத்திரை, திருகாணி, கம்பளம், தோல் எனப் பலவும் அதில் உண்டு. அதன் நிபந்தனைதான் முக்கியம்: பயிற்சிக்கு நல்ல பொருள்களின் படம் மட்டும். ‘வழக்கம் எப்படி இருக்கும்’ என்று கணினி பழகிக்கொள்ள வேண்டும். வழக்கத்துக்கு மாறாகத் தெரியும் இடத்தை அதுவே சுட்டிக்காட்ட வேண்டும். இந்த வழியில் செயல்படும் மென்பொருள்களை ஒன்றாகத் திரட்டி ‘அனோமலிப்’ என்ற பெயரில் இன்டெல் ஆய்வாளர்கள் இலவசமாக வெளியிட்டார்கள். புதிய அச்சு வந்ததா? முதல் மணி நேரத்தில் வந்த நல்ல பாகங்கள் சிலவற்றைப் படம் எடு, பழக்கு, ஓட்டு. நெகிழ்வு என்பது இதுதான்.

கடந்த செமஸ்டர் விடுமுறையில் நானும் என் வகுப்புத் தோழர்கள் இருவரும் இதைச் செய்து பார்த்தோம். ராஸ்பெர்ரி பை, ஒரு கேமரா, லென்ஸ், எல்.இ.டி. பட்டைகள், அலுமினியச் சட்டம், கறுப்பு அட்டை எல்லாம் சேர்த்து 1,100 ரிங்கிட் அளவில் முடிந்தது. முதலாளி ஒரு மேசையை ஒதுக்கிக் கொடுத்தார். ‘கரண்ட் பில் கூடினா நீங்கதான் கட்டணும்’ என்று சிரித்தார்.

முதல் நாளே அடி வாங்கினோம். கேமராவுக்கு மேலேயே விளக்கை வைத்திருந்தோம். பளபளப்பான கறுப்பு உறையில் தெரிந்தது எங்கள் கேமராவின் முகம்தான். கணினி ஒவ்வொரு பாகத்திலும் நடுவில் ஒரு வட்டமான ‘குறை’ இருப்பதாகச் சொன்னது. மாலையில் ஷட்டர் கதவு வழியாக வெயில் சாய்ந்து வந்தபோது எல்லாமே குறை என்றது. பல்கலைக்கழகத்தில் நாங்கள் படித்தது முழுக்க மென்பொருள் பக்கம். விளக்கை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

சொல்லித் தந்தவர் அம்மா. அதுவும் சொல்லாமலே. அவர் பாகத்தை எடுக்கும்போது மணிக்கட்டைக் கவனித்தேன். முதலில் பாகத்தைப் படுத்த வாட்டில் பிடித்து, விளக்கு பக்கவாட்டிலிருந்து உரசிக்கொண்டு போகுமாறு சாய்க்கிறார். கீறலைத் தேடும் சாய்வு அது. பள்ளியில் படித்த ஒளி மீள்தல் விதியை நினைத்துப் பாருங்கள். மழமழப்பான பரப்பில் தாழ்ந்த கோணத்தில் விழும் ஒளி அதே கோணத்தில் அந்தப் பக்கம் ஓடிவிடும். மேலே இருக்கும் கண்ணுக்கு வராது. பரப்பு கறுப்பாகவே தெரியும். கீறலின் விளிம்பு மட்டும் ஒளியை மேலே தெறிக்கவிடும். கறுப்பில் வெள்ளைக் கோடு. எங்கள் எல்.இ.டி. பட்டைகளைக் கழற்றி, பாகத்தின் பக்கவாட்டில் தரையோடு தரையாக வைத்தோம். கீறல்கள் அப்படியே எழுந்து நின்றன.

பிறகு அம்மா இன்னொரு திருப்பு திருப்புகிறார். அப்போது பாகத்தின் மேல் டியூப் லைட்டின் பிம்பம் ஒரு நீண்ட வெள்ளைக் கோடாக ஓடுகிறது. ‘கோடு நேரா ஓடுதான்னு பாரு மா. எங்கயாச்சும் வளைஞ்சா அங்க பள்ளம்.’ சிங்க் மார்க்கை அப்படித்தான் பிடிக்கிறார். பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர்கூட இல்லாத பள்ளம் நேராகப் பார்த்தால் தெரியாது. அதில் விழும் பிம்பம் வளைந்தால் தெரியும். கார்களின் பெயிண்டைச் சோதிக்கும் விலையுயர்ந்த கருவிகள் செய்வதும் இதையே. கோடுகள் போட்ட திரையைப் பரப்பில் பிரதிபலிக்கச் செய்து, கோடு எங்கே கோணுகிறது என்று கணக்கிடும். நாங்கள் ஒரு பழைய டேப்லெட் திரையில் கறுப்பு வெள்ளைக் கோடுகளை ஓடவிட்டுப் பெட்டிக்குள் பொருத்தினோம். முழுதாகச் சரிவரவில்லை, ஆனால் பெரிய பள்ளங்கள் பிடிபட்டன.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பெட்டி ஒரு படத்தைப் பார்த்து முடிவு சொல்ல இரண்டு மூன்று வினாடி எடுத்துக்கொள்ளும். 35 வினாடிக்கு இரண்டு பாகம் வரும் இடத்தில் அது தாராளம். கையுறை ஆலையில் இதை வைத்தால் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. செப்பாங்கில் உள்ள ஹர்த்தாலேகாவின் இயந்திரங்கள் மணிக்கு 45,000 கையுறைகளைத் தரவல்லவை. வினாடிக்கு 12க்கு மேல். ஆகவே ‘மலிவுக் கேமரா எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது’ என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். மெதுவான இயந்திரம், அடிக்கடி மாறும் பாகம், சிறிய இடம். அங்கேதான் அது பொருந்தும். சில இடங்களுக்குக் கேமராவே வேண்டாம். ஜப்பானில் 1961இல் யமடா எலெக்ட்ரிக் ஆலையில் ஒரு சுவிட்சுக்குள் இரண்டு ஸ்பிரிங் வைக்க ஊழியர்கள் அவ்வப்போது மறந்தார்கள். ஷிகியோ ஷிங்கோ சொன்ன தீர்வு ஒரு சின்னத் தட்டு: வேலையைத் தொடங்கும் முன் இரண்டு ஸ்பிரிங்கைத் தட்டில் எடுத்து வை, முடிந்த பிறகு தட்டில் மிச்சம் இருந்தால் மறந்துவிட்டாய் என்று பொருள். கேமரா வாங்கும் முன் ஒரு தட்டு போதுமா என்று பார்ப்பது நல்லது.

சரி, அம்மாவின் கண்ணே போதுமே, எதற்கு இந்தப் பெட்டி என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மனிதக் கண்ணின் வரம்பு நெடுநாளாகத் தெரிந்த செய்தி. இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் விமானப் படையினர் சில அறிகுறிகளைத் தவறவிட்டார்கள். காரணம் தேடிய உளவியலாளர் நார்மன் மேக்வொர்த் ஒரு கடிகாரம் செய்தார். முள் ஒவ்வொரு படியாக நகரும்; எப்போதாவது இரட்டைப் படி தாவும்; அதைப் பார்த்தால் பொத்தானை அழுத்த வேண்டும். 1948இல் அவர் வெளியிட்ட முடிவு: முதல் அரை மணி நேரத்திலேயே கவனம் சரியத் தொடங்குகிறது. அலட்சியத்தால் அல்ல, அரிதாக வரும் ஒன்றுக்காகக் காத்திருக்கும் எந்த மூளையும் அப்படித்தான். அரை மணி நேரத்தில் சரியும் கவனத்தை 12 மணி நேரம் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, தவறவிட்ட துண்டுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பது நியாயமில்லை. அம்மாவின் கையில் அப்படி ஒரு கடிதம் வந்தது உண்டு. இரவு ஷிப்ட், விடியற்காலை நாலரை மணிப் பெட்டி.

அதற்காகக் கேமரா தவறவிடாது என்றில்லை. எஸ்.டி.பி.எம். கணிதம் படிக்கும் தம்பி தங்கைகள் இந்த உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2,000 பாகங்களில் 20 உண்மையிலேயே குறையுள்ளவை, 1,980 நல்லவை. கேமரா 20இல் 19ஐப் பிடிக்கிறது என்று வைப்போம். நல்லவற்றில் 3 விழுக்காட்டைத் தவறாகக் குறை என்கிறது என்று வைப்போம். கேட்பதற்கு அருமையான கருவி. ஆனால் சிவப்புப் பெட்டியில் என்ன இருக்கும்? 19 குறைகள், ஏறக்குறைய 59 நல்ல பாகங்கள். பெட்டியில் விழுந்த நான்கில் மூன்று நல்ல துண்டு! அப்படியே தூக்கிப் போட்டால் முதலாளிக்கு நட்டம். யாராவது ஒருவர் அந்த 78ஐயும் மறுபடி பார்க்க வேண்டும். 2,000 பார்ப்பதைவிட 78 பார்ப்பது எவ்வளவோ மேல். அங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம்கூடக் கொடுக்கலாம், உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

இந்த 3 விழுக்காடு வானத்திலிருந்து விழுவதல்ல. மென்பொருளில் ஓர் எண் இருக்கிறது. அதைத் தாண்டினால் குறை, தாண்டாவிட்டால் நல்லது. எண்ணைக் குறைத்தால் கேமரா எல்லாவற்றையும் சந்தேகப்படும், ஒரு குறையும் தப்பாது, நல்ல பாகங்கள் மூட்டை மூட்டையாகச் சிவப்புப் பெட்டிக்குப் போகும். ஏற்றினால் முதலாளி மகிழ்வார், வாடிக்கையாளரிடமிருந்து புகார் வரும். அந்த எண்ணை யார் வைப்பது? எங்கள் மூன்று வாரத்தில் உண்மையான சண்டை அங்கேதான் நடந்தது.

நாங்கள் பொறியியல் மாணவர்கள். எண்ணை நாங்களே வைத்தோம். அம்மா சிவப்புப் பெட்டியைப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். ‘இது ஓகே. இது ஓகே. இந்தப் புள்ளி பின்பக்கம், கதவுல மாட்டுனா தெரியாது. இந்தக் கோடு அச்சுலயே இருக்கு, கஸ்டமர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கான்.’ அலமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே பிளாஸ்டிக் பைகளில், தேதியும் கையெழுத்தும் போட்ட பாகங்கள். ‘லிமிட் சாம்பிள்’ என்று அழைப்பார்கள். இதுவரை சரி, இதைத் தாண்டினால் என்.ஜி. என்று வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட எல்லைத் துண்டுகள் அவை. சட்டப் புத்தகம் மாதிரி. அதோடு எழுதப்படாத வழக்குகளும் அம்மாவிடம் உண்டு. எந்த வாடிக்கையாளர் எதில் கறார், எந்தப் பக்கம் பயணியின் கண்ணுக்குப் படும், எந்தக் குறை இப்போது சின்னதாக இருந்தாலும் அச்சு தேய்கிறது என்பதற்கான முதல் அறிகுறி. கடைசியில் ஒரு பாகத்தில் அவர் மார்க்கர் பேனாவால் பகுதி பகுதியாகக் கோடு போட்டார். வெளியே தெரியும் முகத்துக்குக் கறாரான எண், ஓரத்துக்குக் கொஞ்சம் தளர்வு, பின்பக்கத்துக்கு இன்னும் தளர்வு. மென்பொருளில் அதை அப்படியே ஏற்றினோம். அதன்பிறகுதான் பெட்டி உபயோகமாயிற்று.

கண்ணின் தீர்ப்பு கருவிக்கு மாறுவது நம் குடும்பங்களுக்கு இது முதல் முறையும் அல்ல. என் பாட்டி கோலசிலாங்கூர் பக்கத் தோட்டம் ஒன்றில் இருந்தவர். புகைபோட்டுக் காய்ந்த ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துத் தரம் பிரிக்கும் மேசையில் சில காலம் வேலை செய்தார். குமிழி, அழுக்கு, பூஞ்சை, கருகல். அழுக்குப் பட்ட இடத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பார்கள். உலகச் சந்தையே அந்தத் தோற்றத் தரத்தில்தான் ஓடியது, ஆர்.எஸ்.எஸ். 1 முதல் 5 வரை, எல்லாம் கண்ணளவு. 1965இல் மலேசியா எஸ்.எம்.ஆர். என்ற புதிய தர முறையைக் கொண்டு வந்தது. தோற்றம் முக்கியமல்ல, ரப்பரைக் கரைத்து 44 மைக்ரான் சல்லடையில் வடிகட்டி எவ்வளவு அழுக்கு மிஞ்சுகிறது, சாம்பல் எவ்வளவு, நைட்ரஜன் எவ்வளவு என்று ஆய்வுக்கூடத்தில் அளப்பார்கள். தொடக்கத்தில் எஸ்.எம்.ஆர். 20 என்றால் அழுக்கு 0.20 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்று பொருள். பெயரிலேயே எல்லை.

அதனால் நன்மை உண்டா? நிச்சயமாக. டயர் செய்பவருக்குத் தேவை அழகான ஷீட் அல்ல, ஒரே மாதிரி நடந்துகொள்ளும் ரப்பர். ஒட்டுப்பாலும் கட்டிப்பாலும்கூடச் சுத்தப்படுத்தப்பட்டு, அளக்கப்பட்டு, கட்டிகளாக விலை போனது. கண்ணால் பார்த்தால் அவற்றுக்கு அந்த மரியாதை கிடைத்திராது. ஆனால் எல்லையை எழுதும் இடம் தோட்டத்து மேசையிலிருந்து ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டது. பாட்டியின் கண்ணுக்குத் தெரிந்த எதையும் யாரும் அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. அவர் மீண்டும் பால்மரம் வெட்டப் போனார்.

இப்போது நடப்பதில் ஒரு வித்தியாசம் உண்டு. எஸ்.எம்.ஆர். ஆய்வுக்கூடத்துக்குப் பாட்டியின் கண் தேவைப்படவில்லை. அங்கே அளந்தது வேறு பொருள். மலிவுக் கேமராவுக்கோ அம்மாவின் கண் இல்லாமல் ஓட்டமே இல்லை. எது நல்ல பாகம் என்று தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும், எல்லையை வரைய வேண்டும், சிவப்புப் பெட்டியைப் பிரிக்க வேண்டும், அச்சு மாறும்போது எல்லாவற்றையும் மறுபடி. வெளியிலிருந்து வரும் பொறியாளர் இதைச் செய்தால் மறுபடி எண்பதாயிரத்துக்குப் போய்விடும். மலிவு என்பது பெட்டியின் விலையில் மட்டும் இல்லை. அந்த அறிவை ஏற்கெனவே சம்பளப் பட்டியலில் இருக்கும் ஒருவர் கொடுக்கிறார் என்பதிலும் இருக்கிறது. அவருக்கு அதற்காக ஒரு காசும் கூடுவதில்லை. இதைத்தான் நான் பிரச்சினையாகப் பார்க்கிறேன்.

வேலை போகுமா என்ற கேள்வியை மழுப்ப விரும்பவில்லை. அம்மாவின் தொழிற்சாலையில் இதுவரை யாரும் போகவில்லை. இரண்டு இடங்களுக்கு ஆளே கிடைக்காமல் காலியாகக் கிடக்கிறது. ஆனால் மூன்று இயந்திரத்துக்கு மூன்று கியூசி இருந்த இடத்தில், பெட்டிகள் வந்தால் ஒருவர் போதும். அந்தக் காலி இடங்கள் இனி நிரப்பப்படாது. அடுத்த ஆண்டு எஸ்.பி.எம். முடித்து, மேலே படிக்க வசதியில்லாமல், ‘ஒரு கியூசி வேலையாவது கிடைக்கும்’ என்று இருக்கும் பெண்ணுக்குத்தான் கதவு சாத்தப்படுகிறது. அவள் பெயர் எந்த ஆட்குறைப்புப் பட்டியலிலும் வராது.

பயிற்சிக்குப் பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. உள்நாட்டு ஊழியர் பத்துப் பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் உற்பத்தி நிறுவனங்கள் சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டை எச்.ஆர்.டி. கார்ப்பிடம் பயிற்சித் தீர்வையாகக் கட்டுகின்றன. அந்தப் பணத்தில் பாடம் படிக்கப் போவது பெரும்பாலும் சூப்பர்வைசர்கள். பதினாறு ஆண்டு கியூசி செய்த அம்மா ஒரு நாள் பயிற்சிக்குக்கூட அனுப்பப்பட்டதில்லை. கேமராவின் கோணத்தை மாற்றவும், நல்ல பாகங்களைப் படம் எடுத்துப் பழக்கவும், எல்லை எண்ணைத் திருத்தவும் மூன்று நாள் போதும். நான் மூன்று வாரத்தில் அம்மாவுக்குச் சொல்லித் தந்ததை வைத்துச் சொல்கிறேன். அவர் இப்போது டேப்லெட்டில் அதைச் செய்கிறார், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு. பதினாறு ஆண்டில் அவர் கற்றதை நான் மூன்று நாளில் கற்க முடியாது. அப்படியானால் யாரைப் பயிற்சிக்கு அனுப்புவது சிக்கனம்? அதை ஒரு தொழில்நுட்ப உதவியாளர் வேலையாக எழுதி, அதற்குரிய சம்பளத்தைக் கொடுத்தால் என்ன? 3,000 திறன்மிகு தொழிற்சாலைகளை எண்ணும்போது, அவற்றில் எத்தனை கியூசி ஊழியர்கள் அந்தப் பெயருக்கு மாறினார்கள் என்றும் எண்ணலாம்.

இடைநிலைப்பள்ளியில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. திவேட் கல்லூரிக்கோ பாலிடெக்னிக்குக்கோ போகிறவர்கள் இறுதித் திட்டப்பணிக்குத் தலைப்புத் தேடி இணையத்தில் அலைய வேண்டாம். உங்கள் தாமான் பக்கத்துத் தொழிற்சாலையில் யாராவது ஓர் அக்கா எதையாவது விளக்கடியில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு ஷிப்ட் அவர் பக்கத்தில் நில்லுங்கள். எங்கள் பாடத்திட்டத்தில் இல்லாத பாதி அங்கே இருக்கிறது.

முதலாளி பெட்டியை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். இரண்டாவது பெட்டிக்கும் பணம் தருவதாகச் சொன்னார். அம்மாவின் சம்பளத்தைப் பற்றி நான் கேட்டேன். ‘வருஷக் கடைசியில பார்ப்போம்’ என்றார். அடுத்த மாதம் புதிய அச்சு வருகிறது. ஒளி ஊடுருவும் விளக்குக் கூடு, முழுக்கத் தெளிந்த பிளாஸ்டிக். எங்கள் பக்கவாட்டு விளக்கு அதில் வேலை செய்யாது. பின்னாலிருந்து வெளிச்சம் வர வேண்டும். மாதிரித் துண்டு ஒன்று நேற்று வீட்டுக்கு வந்தது. அம்மா அதைச் சமையலறை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே இரண்டு குமிழி இருக்கிறது என்றார். எனக்கு ஒன்றுதான் தெரிந்தது.